உங்கள் கைக்குச் செய்த பிடிகள்

இன்று காலையில் தண்ணீர் மோட்டாரைப் பார்க்க ஒரு மெக்கானிக் வந்திருந்தார். நம் மகள் வீட்டுப் பின்பக்கத்தில் உட்கார்ந்து மோட்டாரைக் கழற்றி, பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவினார். அந்த வாடை சமையலறையைத் தாண்டி நான் படுத்திருந்த அறை வரைக்கும் வந்தது. கிரீஸும் மண்ணெண்ணெயும் இரும்பும் கலந்த வாடை. எழுந்து போய்ப் பார்த்தேன். அவர் டீ குடிக்கத் தெருமுனைக்குப் போயிருந்தார். சாமான்களெல்லாம் மதில் ஓரத்தில், திறந்து கிடந்த கேட்டுக்குப் பக்கத்திலேயே பரந்து கிடந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே கொண்டுவந்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

திரும்பி வந்த மனிதர் பதறிப்போனார். மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்கம்மா அப்படித்தான் தம்பி. ரோட்டுல ஒரு ஆணி கெடந்தாலும் எடுத்து உள்ள வச்சிருவா" என்றாள்.

சிரிக்கட்டும். அவள் பிறப்பதற்கு முந்தைய கதை அது. நீங்கள் போய் இத்தனை வருஷம் ஆகிவிட்டது. உங்களோடு பேச இன்றைக்கு எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது.

நமக்குக் கல்யாணமாகிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. தென்காசியில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் நீங்கள் ஃபிட்டர். பஸ்ஸுக்கு அடியில் கையை விட்டு எதையோ சரிசெய்துகொண்டிருந்தபோது ஃபோர்மேன் அண்ணாச்சி பார்க்காமல் "எறக்கு" என்று குரல் கொடுத்தார். ஜாக்கியை இறக்கிவிட்டார்கள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

ஆஸ்பத்திரியில் நீங்கள் என்னிடம் முதலில் கேட்டது ஒரு துண்டு. கட்டுப் போட்ட கையை அதனால் மூடிக்கொண்டீர்கள். கட்டைப் பிரித்த பிறகும் துண்டு போகவில்லை. தெருவில் நடந்தாலும், கோயிலில் நின்றாலும், என் அண்ணன் வந்து எதிரே உட்கார்ந்தாலும் வலது கை துண்டுக்குள்தான் இருக்கும். சாப்பிடும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வீர்கள். நானும் பரிமாறிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஷெட்டில் வேறு ஏதாவது வேலை தருவதாகச் சொன்னார்கள். நீங்கள் போகவில்லை. ஃபோர்மேன் அண்ணாச்சி பார்க்க வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அவர் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களை என் கையில் கொடுத்துவிட்டு, உங்கள் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றுவிட்டுப் போனார்.

ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே சொன்னீர்கள். "ஏட்டி, அந்த மாட்டுக் கொட்டிலைக் கழுவி விடு. நான் அங்கன பட்டறை போடப் போறேன்."

"எந்தக் கையால?" என்று கேட்கத் தெரியாமல் நின்றேன். என் முகத்திலேயே அது தெரிந்திருக்க வேண்டும்.

"எங்கையில எட்டு, உங்கையில பத்து. போதாதா?" என்றீர்கள்.

அந்தப் பட்டறைக்குச் சாமான் சேர்த்த கதையை இப்போது நினைத்தாலும் எனக்கு ஒரு திருவிழா பார்த்த மாதிரி இருக்கும். ஒரே நாளில் கடையில் போய் வாங்கியதா அதெல்லாம்? லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டித் தீட்டினால் உளி. தேய்ந்த அரத்தைச் சாணை பிடித்தால் சுரண்டி. பழைய இரும்புக் கடை மீரான் பாய், நல்ல ஸ்பேனர் ஏதாவது கண்ணில் பட்டால் தனியாக எடுத்து வைத்து ஆள் விட்டுச் சொல்லுவார். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. புனலூர்ப் பக்கம் மூடிப்போன ஒரு பட்டறையில் ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, செங்கோட்டையில் ரயில் ஏறிப் போனோம். செங்கோட்டை மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்த புதிது அப்போது. திரும்பி வரும்போது வைஸைச் சாக்கில் சுற்றி இருவர் காலுக்கும் நடுவில் வைத்திருந்தோம். எதிரே இருந்த மலையாளத்து அம்மாள் ரொம்ப நேரம் அதையே பார்த்துவிட்டு, "சக்கையா?" என்று கேட்டாள். நீங்கள் முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல், "ஆமா, பலாப்பழந்தான். பழுக்க நாளாகும்" என்றீர்கள். விபத்துக்குப் பிறகு நீங்கள் விளையாட்டாகப் பேசி நான் முதல் தடவை கேட்டது அன்றைக்குத்தான். குகைக்குள் ரயில் நுழைந்த இருட்டில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சாமான் வந்தது. ஆனால் எந்தச் சாமானும் உங்கள் கையில் நிற்கவில்லை. சுத்தியலை ஓங்கினால் நழுவிப்போய்ச் சுவரில் மோதியது. கட்டைவிரலும் கடைசி இரண்டு விரலும் சேர்ந்து பிடிக்கிற பிடி உலகத்தில் எந்தக் கடையிலும் விற்காதே. அப்போதுதான் பின்பக்கத்துப் பூவரசில் ஒரு கிளையை வெட்டினீர்கள். இடது கையால் செதுக்குவீர்கள், வலது கையில் பிடித்துப் பார்ப்பீர்கள், மறுபடி செதுக்குவீர்கள். விரல் இல்லாத இடத்தில் மரம் மேடாக இருக்கும். உள்ளங்கை அழுந்துகிற இடத்தில் குழியும். ஸ்பேனர்களுக்கு இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்துச் செம்புக் கம்பியால் கட்டி, அதன்மேல் என் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்துச் சுற்றினோம். சுற்றியது நான். சிவப்பில் வெள்ளைப் புள்ளி. ஊரில் யாருடைய பட்டறையிலும் ஸ்பேனர்கள் அப்படிச் சேலை கட்டிக்கொண்டு நின்றிருக்காது.

கொட்டிலுக்குப் பூட்டுப் போடுவதற்கு நீங்கள் எடுத்துக்கொண்ட சிரமத்தைப் பார்த்து எனக்கே அலுப்பாக இருந்தது. ஷெட்டில் தினமும் ஏதாவது ஒன்று காணாமல் போகும் என்று உங்களுக்குத் தெரியும். ஜன்னலுக்குக் கம்பி அடித்தீர்கள். கொண்டியின் போல்ட்டுகளை வெளியிலிருந்து கழற்ற முடியாதபடி நட்டுகளை உள்பக்கம் வைத்தீர்கள். வைஸைப் பலகையில் முடுக்கி, போல்ட் முனைகளைச் சுத்தியலால் தட்டித் தட்டி நசுக்கிவிட்டீர்கள். சின்ன ஸ்பேனர்களின் வளையத்தில் ஒரு சங்கிலியைக் கோத்தீர்கள். அப்புறம் சுவரில் ஆணி அடித்து ஒவ்வொரு சாமானையும் மாட்டி, "கோலம் போடுத கைதான, இதச் சுத்தி வரை" என்று சுண்ணாம்புக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தீர்கள். நான் சுத்தியலைச் சுற்றி வரைந்தேன், குறடைச் சுற்றி வரைந்தேன், கை டிரில்லைச் சுற்றி வரைந்தேன். மாலையில் பட்டறையைச் சாத்தும்போது ஒரு பார்வை பார்த்தால் போதும். எந்த இடம் காலி என்று சுவரே சொல்லிவிடும்.

"இவ்வளவு பயமா கள்ளன்னா?" என்று கேட்டேன்.

"கள்ளனுக்கு இல்ல ஏட்டி. ஒரு சாமான் காணலைன்னா யாரு எடுத்திருப்பான்னு மனசு ஒவ்வொருத்தனையா நெனைக்கும். அந்த நெனைப்பு வரக் கூடாது. அதுக்குத்தான் பூட்டு" என்றீர்கள்.

வேலை வர ஆரம்பித்தது. சைக்கிள், தண்ணீர்ப் பம்பு, வண்டி அச்சு. நான் பிடித்துக்கொள்வேன், நீங்கள் தட்டுவீர்கள். நாம் இருவர் மட்டும் இருந்தால் துண்டு தோளில் கிடக்கும். வெளியே யாராவது கனைத்தால் கைக்கு வந்துவிடும்.

அந்த வருஷம் சாரல் மழை பிந்தியது. மலை மேல் மேகம் வரும், நிற்கும், கலைந்துபோகும். வடகரையிலிருந்து சுப்பையா அண்ணாச்சி தன்னுடைய ஆயில் என்ஜினை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாற்றங்கால் காய்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, இறைக்கத்தான் என்ஜின் ஓடவில்லை. பெரிய பட்டறைகளில் நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். "உங்களத்தான் நம்பி வந்திருக்கேன்" என்றார். முழு என்ஜின் நம் பட்டறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பிரித்துப் பார்த்தோம். பிஸ்டன் ரிங் உடைந்திருந்தது. திருநெல்வேலிக்குச் சொல்லிவிட்டுப் புது ரிங்கை வரவழைத்தீர்கள். வால்வைத் தேய்த்துப் பதமாக்கி, எல்லாவற்றையும் மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டு மூடிவைத்தோம்.

மறுநாள் கிருத்திகை. ஆய்க்குடி முருகனுக்கு நான் ஒரு வேண்டுதல் வைத்திருந்தேன். விரல் போனாலும் பட்டறை நடக்க வேண்டும் என்றுதான். "காலையில போய்ட்டு மத்தியானத்துக்குள்ள வந்துருவோம். வந்து என்ஜினைக் கோத்துருவோம்" என்று கிளம்பினீர்கள். ஆய்க்குடியில் கும்பிட்டு, பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுத் திரும்பினோம். பட்டறைக் கதவில் பூட்டு பூட்டியபடியே தொங்கியது. திறந்தீர்கள். உள்ளே வெயில் விழுந்துகொண்டிருந்தது.

கூரை ஓட்டைப் பிரித்து இறங்கியிருந்தார்கள்.

சுவரில் நான் வரைந்த வெள்ளைக் கோடுகள் மட்டும் இருந்தன. சுத்தியல் இல்லாத சுத்தியல், குறடு இல்லாத குறடு. சங்கிலியை அறுத்திருந்தார்கள், அதுவும் நம் ரம்பத்தாலேயே. வைஸ் அசையாமல் இருந்தது. என்ஜின் பாகங்கள் தூக்க முடியாத கனத்தால் தப்பின. வெளியே வந்து, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, வலது கையைத் துண்டால் சுற்றினீர்கள். வேறு யாரும் இல்லாத இடத்தில், என் ஒருத்தி முன்னால் அந்தக் கையை நீங்கள் மூடியதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

தெருக்காரர்கள் கூடினார்கள். குற்றாலம் சீசனுக்கு வந்து சுற்றுகிற வெளியூர்க்காரர்கள் என்றார் ஒருவர். பக்கத்து வளவுக்குப் புதிதாகக் குடிவந்தவனை விசாரிக்கச் சொன்னார் இன்னொருவர். "பேரைச் சொல்லி எழுதிக் குடுங்க. போலீஸ் பாத்துக்கிடும்" என்று உங்களை நெருக்கினார்கள்.

"சாமான் போயிருக்கு. யாரு எடுத்தான்னு நான் பாக்கல. பாக்காததை எப்படிய்யா சொல்ல?" என்றீர்கள். அதோடு கூட்டம் கலைந்தது.

சாயங்காலம் சுப்பையா அண்ணாச்சி வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டார். "நாத்து மஞ்சளா ஆயிட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டி மாட்டைத் தடவிக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால்கூட நமக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் விடிந்ததும் நான் உங்களிடம் சொல்லாமல் பஸ் ஷெட்டுக்குப் போனேன். என் வாழ்நாளில் நான் ஷெட்டுக்குள் கால் வைத்தது அன்றைக்கு மட்டும்தான். வேலைக்காரர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஃபோர்மேன் அண்ணாச்சி ஓடி வந்தார், உங்களுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று. நான் திருட்டையும் என்ஜினையும் சொன்னேன். "ஒருநாள் சாமான் குடுங்க அண்ணாச்சி. நானே திருப்பிக் கொண்டுவந்து தாரேன்" என்றேன்.

"சாமான் மட்டும் வந்து என்னம்மா செய்யும்? அவன் கைல அது நிக்காதே" என்றார். கொஞ்சம் யோசித்தார். "நீ போ. நான் லீவு சொல்லிட்டு வாரேன்."

அவர் சைக்கிளில் சாமான் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நம் வாசலில் இறங்கியபோது உங்கள் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். என் பாதத்தில் ஷெட்டுக் கரி இருந்தது. அதைப் பார்த்தீர்கள். பிறகு பட்டறைக்குள் போனீர்கள். அவரும் பின்னால் வந்தார்.

அன்றைய வேலை மாதிரி ஒரு வேலையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் அவரோடு பேச மாட்டீர்கள். அவருக்கு உங்களோடு பேசப் பயம். நடுவில் நான்.

"ஏட்டி, அண்ணாச்சிட்டச் சொல்லு, ரிங்குகளோட வெட்டு வாயெல்லாம் ஒரே பக்கம் வரக் கூடாதுன்னு."

இரண்டடி தள்ளி நிற்கிற அண்ணாச்சி, "தெரியும்னு சொல்லும்மா" என்பார்.

"ஹெட் நட்டைக் குறுக்க மறுக்க மாத்தி மாத்தி முடுக்கச் சொல்லு."

"நான்தான் அதை அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன்னு சொல்லும்மா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பிறகு ஒரு கட்டத்தில் வேலை நின்றது. என்ஜின் வயிற்றுப் பக்கத்தில் ஒரு சின்ன வாசல் உண்டு. அதற்குள் கையை விட்டுத்தான் பிஸ்டன் தண்டின் அடிப் போல்ட்டை முடுக்க வேண்டும். அண்ணாச்சியின் கை பனங்கிழங்குக் கட்டு மாதிரி. மணிக்கட்டு வரைக்கும் திணித்துப் பார்த்தார், அதற்கு மேல் போகவில்லை. உங்கள் இடது கை போனது, ஆனால் ஸ்பேனரோடு திரும்பவில்லை.

இருவரும் என் கையைப் பார்த்தீர்கள்.

வளையல் இடிக்கும். கழற்ற வேண்டும். சுமங்கலி, கையை மொட்டையாக்கிக்கொண்டு எப்படி என்று நான் தயங்கினேன். நீங்கள் துண்டிலிருந்து வலது கையை எடுத்தீர்கள், அண்ணாச்சிக்கு முன்னாலேயே. "கழத்த வேண்டாம். மேல ஏத்து" என்றீர்கள். கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக முழங்கைப் பக்கம் தள்ளி, ஒரு துணியைச் சுற்றி, இறங்காதபடி முடிச்சுப் போட்டீர்கள். மூன்று விரலால் ஒரு முடிச்சு. அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

நான் கையை உள்ளே விட்டேன். எண்ணெய் வழுக்கியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விரல்தான் பார்க்க வேண்டும். "நட்டு தட்டுப்படுதா? அதான். ஸ்பேனரை மாட்டு. உன் பக்கமா இழு. இன்னும் இழு" என்று நீங்கள் என் காதுக்குப் பக்கத்தில் சொல்லச் சொல்ல நான் முடுக்கினேன். அண்ணாச்சி உற்சாகத்தில், "இன்னும் கொஞ்சம்" என்றார்.

"போதும் அண்ணாச்சி, போல்ட்டு மரை போயிரும்" என்றீர்கள். நேராக அவரிடம். சொன்ன பிறகுதான் உங்களுக்கே தெரிந்தது.

கோத்து முடித்ததும் கிணற்றடியில் கை கழுவும்போது அவர் சொன்னார். "அன்னைக்கு நான் பாக்காம எறக்குன்னுட்டேன்டா. அந்தச் சத்தம் இன்னும் எங்காதுலயே கெடக்கு."

நீங்கள் வாளியைக் கீழே வைத்தீர்கள். "காப்பி ஆறுது அண்ணாச்சி. குடிங்க" என்றீர்கள்.

அந்தக் காப்பியை அவர் குடிக்க முடியாமல் குடித்தார்.

அன்றே வண்டி கட்டி வடகரைக்குப் போனோம். என்ஜினைக் கிணற்று மேட்டில் இறக்கி வைத்து, ஃபோர்மேன் அண்ணாச்சியும் சுப்பையா அண்ணாச்சியும் ஹேண்டிலைப் பிடித்துச் சுற்றினார்கள். இரண்டு மூன்று தடவை புகைந்து அணைந்தது. பிறகு டக் டக்கென்று பிடித்துக்கொண்டது. குழாய் வாயில் முதலில் காற்று வந்தது, சேறு வந்தது, அப்புறம் தண்ணீர் வந்து விழுந்தது. வாய்க்காலில் அது ஓடிப்போகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டு சுப்பையா அண்ணாச்சியின் வீட்டுக்காரி என்னிடம், "எக்கா, இது நீ முடுக்குனதாமே?" என்றாள். என் முழங்கை வரைக்கும் எண்ணெய்க் கறுப்பு. கழுவாமலே வந்திருந்தேன். கழுவ மனசில்லை.

சில நாள் கழித்து, கடையை அடைத்துவிட்டு மீரான் பாய் ஒரு கைவண்டியோடு நம் வாசலுக்கு வந்தார். வண்டியில் ஒரு சாக்கு. "ஒருத்தன் எடைக்குப் போட வந்தான். அவுத்துப் பாத்தா ஸ்பேனரெல்லாம் சேலை கட்டிக்கிட்டு நிக்கி" என்றார். "இந்தப் பிடி யாரு கைக்குச் செஞ்சதுன்னு தென்காசில எந்தக் கடைக்காரனுக்குத் தெரியாது? எங்க எடுத்தேன்னு கேட்டேன். சாக்கைப் போட்டுட்டு ஓடிட்டான்."

நீங்கள் சாக்குக்குப் பக்கத்தில் குந்தினீர்கள். சுத்தியலை எடுத்து அந்தப் பூவரசம் பிடியைப் பிடித்தீர்கள். அது உங்கள் கைக்குள் போய் உட்கார்ந்தது. வேறு பிடியாக இருந்திருந்தால் அன்றே பழைய இரும்பாக எடைக்குப் போயிருக்கும்.

"ஆளு யாருன்னா..." என்று பாய் ஆரம்பித்தார்.

"சொல்லாதிய பாய்" என்று தடுத்தீர்கள். "தெரிஞ்சா, நாளைக்கு அவன் எதுக்க வந்தா நான் எந்த மூஞ்சியோட பாப்பேன்?"

பாய் கிளம்பும்போது கை நீட்டினார். நீங்கள் வலது கையைக் கொடுத்தீர்கள். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். துண்டு தரையில் கிடந்தது. அதை நான் எடுத்து, உங்களிடம் கொடுக்காமல், கொடியில் காயப்போட்டேன். நீங்கள் கேட்கவில்லை. கை டிரில் மட்டும் அந்தச் சாக்கில் இல்லை, கடைசி வரை வரவும் இல்லை. சுவரில் அதன் இடத்தை நீங்கள் அப்படியே விட்டுவைத்தீர்கள்.

அடுத்து வந்த நாள்களில் மேகத்துக்குள் மலை மறைந்துபோனது. சாரல் இறங்கி, தெருவெல்லாம் அந்தக் குளிர்ந்த பொடித் தூறல். நீங்களாகவே சொன்னீர்கள், "குத்தாலம் போவமா ஏட்டி?" விபத்துக்குப் பிறகு நீங்கள் அருவிப் பக்கமே போனதில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு பஸ் ஏறினோம். நான் பெண்கள் பக்கம் குளித்துவிட்டு வெளியே வந்து, கூட்டத்துக்குள் உங்களைத் தேடினேன். அவ்வளவு தண்ணீருக்கு அடியில், மற்ற ஆண்களோடு ஒரு ஆணாக, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். தலையில் விழுகிற அருவி உங்களை முன்னும் பின்னும் ஆட்டியது. கை நழுவவில்லை.

ஈரம் சொட்ட வந்தீர்கள். படியில் பாசி. நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயங்கி நின்றேன். அந்தக் காலத்தில் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு யார் தெருவில் நடந்தார்கள்? அத்தனை ஜனத்துக்கும் முன்னால் நீங்கள் வலது கையை நீட்டி, "வழுக்குது, பிடிச்சுக்கோ" என்றீர்கள்.

பிடித்துக்கொண்டேன். ஒரு பக்கம் கட்டைவிரல், ஒரு பக்கம் இரண்டு விரல், நடுவில் கொஞ்சம் வெற்றிடம். அந்த இடத்தில் என் விரல்கள் போய் உட்கார்ந்தன. படி முடிந்து சமமான ரோடு வந்த பிறகும் நீங்கள் விடவில்லை, நானும் விடவில்லை. அதற்கு அப்புறம் எத்தனையோ வருஷம் அந்தக் கையைப் பிடித்திருக்கிறேன், கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அது சில்லிட்டுப்போகிற வரைக்கும். ஆனால் என் உள்ளங்கையில் இன்னும் இருப்பது குற்றாலத்து ஈரத்தோடு இருந்த அந்தப் பிடிதான். தூக்கம் வராத நேரத்தில் கையை மூடிப் பார்த்துக்கொள்கிறேன். இருக்கிறது.